செகண்ட்ஸ் அக்கா வாங்கிய டிவி

“...ஒரு கொறையும் இல்லன்னு சொல்லாத தம்பி. எனக்கு இன்னும் கண்ணுல படலன்னு சொல்லு. அதுதான் நாணயமான பேச்சு.”

கடைத்தெருவில் ஒரு டிவிக் கடை. சுவர் முழுக்க முப்பது நாற்பது டிவியிலும் ஒரே நேரத்தில் ஒரே மயில் தோகை விரித்துக்கொண்டிருந்தது. பதினோராவது டிவிக்கு முன்னால் நின்று அக்கா இப்படிச் சொன்னதும், டை கட்டிய விற்பனையாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கூட வந்தவர் நீங்கள்தானே, ஏதாவது செய்யுங்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் மயிலைப் பார்த்தேன்.

அறுபது வயசு வரைக்கும் காசு கொடுத்து ஒரு முழுசான பொருளைக்கூட வாங்காத மனுஷி இந்த உலகத்தில் ஒருத்தர் உண்டென்றால், அது எங்கள் செகண்ட்ஸ் அக்காதான். போட்டிக்கு வேறு ஆள் இருந்தால் எழுதிப் போடுங்கள். டிக்கெட் எடுத்து வந்து பார்க்கிறேன்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவருடைய தொழில். இந்த ஊர் செராமிக் கம்பெனி ஒன்றில் கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து, மகளுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் தரம் பிரிக்கிற மேசையில் உட்கார்ந்தவர். சூளையிலிருந்து இறங்குகிற டீ கப்பு, பொம்மை, அகல்விளக்கு எல்லாம் அந்த மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு சுற்று சுற்றுவார். நகத்தால் ஒரு சுண்டு. அப்புறம் மூன்று கூடையில் ஒன்றில் போடுவார். பஸ்ட்டு, செகண்ட்ஸ், ரிஜெக்ட்டு. பஸ்ட்டு பெட்டிக்குள் போய் வெளியூருக்குக் கிளம்பும். ரிஜெக்ட்டை உடைத்துவிடுவார்கள். கறுப்புப் புள்ளியோ, கோணல் பிடியோ உள்ள செகண்ட்ஸ் ஊருக்குள்ளேயே சல்லிசாக விலைபோகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பளிங்கு மாதிரி ஒரு கப்பை இதைவிட பஸ்ட்டு கிடையாது என்று இவர்தான் எடுத்து வைத்தாராம். அதில்தான் முதலாளிக்கு டீ போனது. முதல் வாய்க்கே அடிப்பாகம் தனியாகக் கழன்று, டீ முழுக்க முதலாளியின் வெள்ளை வேட்டியில். அன்றைக்கு முடிவு செய்தார்.

“கொற தெரிஞ்ச கப்பு கடேசி வரைக்கும் ஒழைக்கும் தம்பி. கொற தெரியாத கப்புதான் சுடு டீயோட கையில பொளந்துக்கும்” என்பார். அவர் சொல்லி நான் மனசில் எழுதி வைத்திருக்கிற வாசகங்களில் இது முதல் பக்கம்.

எங்கள் அபார்ட்மெண்ட்டில் மொத்தம் ஒன்பது வீடு. அவர்களும் நாங்களும் கீழ்த்தளத்தில் எதிரெதிர் கதவு. கட்டடம் கட்டியவர் அக்காவுக்கு முதலில் மாடியில்தான் நல்ல வீடாகக் காட்டினார். அக்கா எல்லா வீட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சமையலறைக் கதவு சாத்தாத கீழ்வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இதில் கதவு சாத்தாது என்று இப்போதே தெரிந்துபோயிற்று, மாடியில் என்னவென்று தெரிய அஞ்சு மழை ஆகும் என்பது அவர் கணக்கு. இரண்டாவது மழையிலேயே மாடிக்காரர்கள் ஹாலில் பக்கெட் வைத்தார்கள். அதிலிருந்து அபார்ட்மெண்ட்டில் அக்கா பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதைதான் எல்லாவற்றுக்கும் மேல். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனுக்கு என்ன குறை என்று அக்கா நேருக்கு நேர் கேட்டார். ஒரு குறையும் கிடையாது, கோபம் வராது, அதிர்ந்து பேசமாட்டான் என்று அந்தம்மா அரை மணி நேரம் அடுக்கினார். அக்கா பஜ்ஜி கொடுத்து, “இவ்ளோ நல்ல புள்ளைக்கு எங்க பொண்ணு தாங்காதுங்க” என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். அடுத்து பெண்ணாடத்திலிருந்து வந்தார்கள். பையனுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. அதே கேள்விக்கு அந்தம்மா கொஞ்சம் யோசித்து, “கொறட்ட வுடுவான். ரசத்துல உப்பு கொறஞ்சா ஒரு நாள் பூரா மொகத்தத் தூக்கி வெச்சிக்குவான். மத்தபடி நல்ல புள்ளைங்க” என்றார். அக்கா உள்ளே திரும்பி வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். மாப்பிள்ளை இன்றைக்கும் தீபாவளிக்கு வந்தால் மூன்று மாடிக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட வீட்டில் அகப்பட்டுக்கொண்டவர்தான் அக்காவின் கணவர். ஜங்ஷனில் ரயிலுக்குத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு பாயிண்ட்ஸ்மேன் அண்ணன். தண்டவாளமும் தண்டவாளமும் சேருகிற இடத்தில் ஒரு விரற்கடை பிசகினால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று ஆயுசு முழுக்கக் குனிந்து குனிந்து பார்த்த மனிதர். அவர் வீட்டுக்கு வந்தால் கோணல் கப்பில் டீ, ஒரு கால் குட்டையான நாற்காலி, ஒரு கண் பெரிதாக இருக்கும் பிள்ளையார், எதிர்ச் சுவரின் இடது மூலையில் அஞ்சு நிமிஷம் முன்னால் ஓடும் கடிகாரம். எதற்கு மாற்றி வைக்க வேண்டும், அஞ்சு நிமிஷம்தான் முன்னால் ஓடுகிறது என்று தெரியுமே என்பார் அக்கா. “தண்டவாளத்துல செகண்ட்ஸ் போட்டா ரயிலு எங்க போயி நிக்கும் தெரியுமாய்யா இவளுக்கு?” என்று அண்ணன் என்னிடம் முறையிடுவார். சாவதற்குள் இந்த வீட்டில் முழுசாக ஒரு சாமானைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியம்.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில், வாசலில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தத்தில் அடைப்பு. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தார். பேச்சும் திரும்பியது. இடது கையும் காலும் மட்டும் பலம் குறைந்துபோயின.

அதைவிட விசித்திரம் இன்னொன்று. அவருக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை. மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்று டாக்டர் சொன்னார். தட்டில் தோசை வைத்தால் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு, ஏன் அரைத் தோசை போட்டாய் என்று சண்டைக்கு வருவார். அக்கா பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பார். “தோ, இப்ப போட்டிருக்குது பாரு” என்று மீதியைத் தின்பார். முகத்தில் வலது பாதி மட்டும் சவரம் ஆகியிருக்கும். பேப்பரில் வரிக்குப் பாதிதான் படிப்பார். “‘உயர்வு’ன்னு போட்டிருக்கான்யா. என்னா உயர்வுன்னு போடாம வுட்டுட்டான். இவனெல்லாம் ஒரு பத்திரிகக்காரன்.”

இது எப்போது சரியாகும் என்று அக்கா இரண்டு டாக்டரைக் கேட்டார். ஒருவர் மூன்று மாசத்தில் ஓடுவார் என்றார். இன்னொருவர், பாண்டிச்சேரிக்காரர், “தெரியலம்மா. ஆவலாம், ஆவாமயும் போவலாம். பாப்போம்” என்றார். அக்கா எந்த டாக்டரிடம் போனார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் அக்கா செய்த முதல் வேலை நாற்காலியை மாற்றியது. தாலி ஏறினதும் மணையில் இடது பக்கம் மாற்றி உட்கார வைத்தார்களாம். அதிலிருந்து சாப்பிட, பேச, டிவி பார்க்க எல்லாவற்றுக்கும் அண்ணனுக்கு இடது பக்கம்தான் அக்கா. இப்போது அங்கே உட்கார்ந்தால், பக்கத்திலேயே இருக்கிறவரை எங்கே போய்விட்டாய் என்று அண்ணன் வாசல் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தார். “எடது பக்கம் இருந்தா நான் இந்த வூட்லயே இல்ல தம்பி” என்று சொல்லி, அந்தக் குட்டைக்கால் பிளாஸ்டிக் நாற்காலியை வலது பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வந்தது. பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் கொடுங்கள், கோட்டைத் தேடிப் பிடித்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள் என்றது. அக்கா தினமும் கோடு போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் வலது பக்கமே வைக்காதீர்கள், நீங்களும் இடது பக்கம் உட்கார்ந்து அவரைத் தேட விடுங்கள் என்றும் அந்தப் பெண் சொன்னது. அதை மட்டும் அக்கா கேட்கவில்லை. “பேப்பரத் தேடட்டும், தோசையத் தேடட்டும். என்னத் தேடி அந்த மனுஷன் முழிக்கறத என்னால பாக்க முடியாதும்மா.”

இந்த நிலையில் ஆனி மாசம் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டு டிவி உயிரை விட்டது.

அந்த டிவிதான் அண்ணனைக் கட்டிலை விட்டு எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு சீரியல். அதில் வரும் மாமியாரை அண்ணன் வாய்க்கு வந்தபடி ஏசுவார். ஆள் இடது பக்கமாக வந்து நின்றால் அவருக்குத் தெரியாது. “யாரப் பாத்துடி இந்தப் பொண்ணு அழுவுது?” என்பார். மாமியார் வந்து நிற்கிறாள் என்று அக்கா சொன்னதும் வசவு தொடங்கும். டிவி போனதும் அண்ணன் கட்டிலுக்குப் போனவர்தான். சுவர் பார்த்துப் படுத்துக்கொண்டார். பயிற்சிக்கும் எழவில்லை. மூன்றாம் நாள் பிசியோதெரபிப் பெண் அக்காவைத் தனியாக அழைத்து, இப்படியே படுத்துவிட்டால் கை மடங்கினது மடங்கினபடி நின்றுபோகும், எப்படியாவது உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது.

செய்தி ஒன்பது வீட்டுக்கும் பரவியது. மாடியிலிருந்து எங்கள் சங்கச் செயலாளர் இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் இத்தனை இன்ச், பத்தடி என்றால் இத்தனை இன்ச் என்று ஒரு தாளில் படம் வரைந்தே கொடுத்தார். மாப்பிள்ளை போனில் ஐம்பத்தைந்து இன்ச் ஆர்டர் போட்டு அனுப்புவதாகச் சொன்னார். சுற்றிப் பார்க்காமல், சுண்டிப் பார்க்காமல் ஒரு சாமானை வீட்டுக்குள் விடுவதா என்று அக்கா மறுத்துவிட்டார். கடைசியில் செயலாளர் வரைந்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் கூடப் போனேன். இப்படித்தான் அந்த மயில் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றோம்.

ஒவ்வொரு டிவிக்கும் அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். “இதுல என்னா கொற?” விற்பனையாளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறையும் இல்லை, ஏ ஒன் பீஸு என்றார். அக்கா அடுத்ததற்கு நகர்ந்தார். தன் இடது கண் பக்கம் கையை மறைப்பாக வைத்து, வலது பாதியை மட்டும் உற்றுப் பார்ப்பார். டிவியின் முதுகை நகத்தால் சுண்டுவார். வாங்க வந்த மற்ற இரண்டு குடும்பம் வாங்குவதை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தது. பதினோராவது டிவியில்தான் நான் தொடக்கத்தில் எழுதினேனே, அந்தப் பேச்சு.

விற்பனையாளருக்குப் பொறுமை போய்விட்டது. “ஏங்க்கா, கொற இல்லன்னா சந்தோசப்படணும். நீங்க என்னமோ கொற இருந்தாத்தான் வாங்குவேன்றீங்க” என்றார்.

“எங்க வூட்டுக்காரர மார்கழிக்கு முந்தின மாசம் செக்கப்புக்கு அழச்சிட்டுப் போனேன் தம்பி. சக்கர இல்ல, பிரஷரு இல்ல, ஒரு கொறையும் இல்லன்னு பேப்பர்ல அடிச்சிக் குடுத்தாங்க. மறு மாசம் வாசல்ல வுழுந்தாரு.” அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார், காய் விலை சொல்கிற மாதிரி. “இன்னொரு தடவ ஒண்ணு திடீர்னு நின்னுபோனா அவரு எழுந்திரிக்க மாட்டாரு. அதனாலதான் கேக்கறேன்.”

விற்பனையாளர் டையைத் தளர்த்திக்கொண்டு உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தார்.

முதலாளி வருவதற்குள் அக்கா கண்டுபிடித்துவிட்டார். கடையின் பின்மூலையில் ஒரு டிவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நின்றது. ஆயுசெல்லாம் கூடை கூடையாகத் தரம் பிரித்தவருக்கு, சுவரைப் பார்த்து நிற்கிற சாமான் எது என்று தெரியாதா? அதைப் போடச் சொன்னார். முதலாளி தயங்கினார். வண்டியில் வரும்போது இடித்துக்கொண்டது, திருப்பி அனுப்ப வைத்திருக்கிறோம், விற்கிற சாமான் இல்லை என்றார். அக்கா விடவில்லை. போட்டார்கள். மயில் வந்தது. மயிலுக்கு இடது பக்கம், ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி, மேலிருந்து கீழ் வரைக்கும் பளிச்சென்று ஒரு பச்சைக் கோடு.

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பெண்ணாடத்து மாப்பிள்ளையின் குறட்டையைப் பற்றிக் கேட்டபோதும் இப்படித்தான் மலர்ந்திருக்கும்.

“எடது பக்கம்” என்றார் என்னிடம். “அவருக்கு எடது பக்கம் ஊரே தெரியாது. கோடா தெரியப் போவுது?”

அப்புறம் முதலாளியிடம், இந்தக் கோடு இப்படியே இருக்குமா என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். “சொல்ல முடியாதும்மா. இன்னொரு கோடு வந்தாலும் வரும். வராமயும் போவும்” என்றார். அவ்வளவுதான். அக்கா பாண்டிச்சேரி டாக்டரைப் பார்த்த மாதிரி அவரைப் பார்த்தார். இதைத்தான் எடுத்துக்கொள்கிறேன், பில்லிலேயே கோடு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள் என்றார். விற்பனையாளர் தன் சர்வீஸில் முதல் தடவையாக ஒரு பில்லில் பச்சைக் கோடு ஒன்று என்று எழுதினார்.

ஆட்டோவில் டிவியை நடுவில் நிற்க வைத்து, ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான். ஜங்ஷன் ரோடு முழுக்க நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமலே பேசிக்கொண்டு வந்தோம். அட்டைப்பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரல் மட்டும் வந்தது. “தம்பி, வூட்ல போயி கோட்டப் பத்தி யாரும் மூச்சு வுடக்கூடாது.”

சுவரில் மாட்டினோம். பார்க்க ஒன்பது வீடும் வந்தது. போட்டதும் எல்லார் கண்ணும் நேராகப் பச்சைக் கோட்டுக்குத்தான் போயிற்று. செயலாளர் மட்டும் வாயைத் திறந்தார். நுகர்வோர் கோர்ட்டு என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அக்கா ஒரு தட்டு அல்வாவை அவர் கையில் திணித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். திரும்பி வந்தவர் எல்லார் காதிலும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் அபார்ட்மெண்ட்டில் ஒரு புதுச் சட்டம். அண்ணன் வீட்டு டிவியின் இடது ஓரத்தை யாரும் பார்க்கக் கூடாது. பார்க்காதே என்றால் கழுத்து தானாகத் திரும்புகிறதே. அதனால் வந்தவர்கள் எல்லாரும் தலையை வலது பக்கமாகச் சாய்த்தபடியே சீரியல் பார்த்தார்கள். வெளியாள் பார்த்தால் எங்கள் கட்டடத்துக்கே கழுத்துச் சுளுக்கு என்று நினைத்திருப்பான்.

அண்ணன் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தியாய்யா. ஒரு புள்ளி கெடையாது. முப்பத்தாறு வருஷத்துல இவ கையால மொத மொத முழுசா ஒரு சாமான் வூட்டுக்குள்ள வந்திருக்குது. நான் வுழுந்ததும் நல்லதுக்குத்தான்.”

நான் அக்காவைத் தேடினேன். சாத்தாத கதவுக்குப் பின்னால், சமையலறையில், ஒரு கோணல் கப்பைக் கையில் வைத்து, பழக்க தோஷத்தில் சுற்றிக்கொண்டே நின்றார்.

“கேட்டியா தம்பி? நாப்பது வருஷமா எந்தக் கூடையையும் மாத்திப் போடாதவ. இப்ப கட்டின புருஷனுக்கே, பஸ்ட்டுன்னு சீட்டு ஒட்டி செகண்ட்ஸ வித்துட்டேன்.”

சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். சொன்னால் மறுபடி கட்டிலுக்குப் போய்விடுவார் என்றார். அதுவும் உண்மைதான்.

அதற்கப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணன் டிவியைப் பற்றிப் பெருமை பேசினார். ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும். ஒரு நாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் படம் எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்றார் அண்ணன். அவருக்கு எங்கள் சட்டம் தெரியாது. “ஆனா கோடு...” என்று தொடங்கியவரை அக்கா சிலிண்டரோடு சேர்த்து உருட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் டிவி ஓடியது. பயிற்சி நடந்தது. காலை பேப்பரில் சிவப்புக் கோடு, சாயங்காலம் டிவியில் பச்சைக் கோடு. இரண்டில் ஒன்றைத் தேடச் சொன்னோம், இன்னொன்றை மறைத்தோம்.

புரட்டாசி மாசம் ஒரு சனிக்கிழமை, வெளியே மழை. ஏழு மணி சீரியலுக்கு நானும் செயலாளரும் அங்கே இருந்தோம். அண்ணனுக்கு வலது பக்கம் அக்கா, மடியில் அவித்த மல்லாட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடலையாக உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டிவியில் அந்தப் பெண் வழக்கம்போல அழுதுகொண்டிருந்தது. மாமியார் இன்னும் வரவில்லை.

“இந்தா, அங்க என்னா பச்சையா?” என்றார் அண்ணன்.

செயலாளர் சட்டென்று மின்விசிறியைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அக்காவின் கை மல்லாட்டையோடு நின்றுவிட்டது.

“எங்கங்க?”

“அங்கதான். ஓரத்துல. மேலேர்ந்து கீழ வரைக்கும் இருக்குது.”

“எந்த ஓரத்துலன்னு கையக் காட்டுங்க” என்றார் அக்கா. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

இவ்வளவு பெரிய கோடு தெரியாதா என்கிற எரிச்சலோடு அண்ணன் வலது கையைத் தூக்கினார். அது நெஞ்சுக்குக் குறுக்கே தாண்டி, இடது பக்கமாக நீண்டு, கோட்டை நேராகக் காட்டிக்கொண்டு நின்றது.

அண்ணன் கோட்டைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த செயலாளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரற்கடை பிசகைக் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கிய மனிதர், புரிந்துகொள்ள நேரமாகவில்லை.

“இதுவும் செகண்ட்ஸ்தானா?”

“ஆமாங்க.”

“எப்பலேர்ந்து கோடு?”

“வாங்கறப்பவே இருந்துது. பில்லுலயே எழுதியிருக்குது.”

அப்புறம் அண்ணன் திட்ட ஆரம்பித்தார். மார்கழிக்கப்புறம் இவ்வளவு கோவையாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. முப்பத்தாறு வருஷத்தையும் வரிசையாக எடுத்தார். கோணல் கப்பு, சாத்தாத கதவு, பிள்ளையாரின் கண், குறட்டை மாப்பிள்ளை. கழுத்தை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார். மாசக்கணக்கில் அவர் பார்க்காத அந்த மூலைக்குப் பார்வை போயிற்று. “தோ, அந்தக் கடியாரம், இன்னிக்கும் அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் ஓடுது, அதையாவது மாத்தினியா நீ?” என்றார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊரே ஒளித்து வைத்த குற்றத்தை ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார் என்று ஊரே சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோடுதான் அவர் கழுத்தைத் திருப்பியதா, பயிற்சியா, பாண்டிச்சேரி மருந்தா, எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்வதுதான் அந்த வீட்டில் மரியாதை.

அக்கா கச்சேரி கேட்கிறவர் மாதிரி, தலையை லேசாக ஆட்டிக்கொண்டே அந்த வசவு முழுவதையும் கேட்டார். அப்புறம், மடியிலிருந்த மல்லாட்டைத் தோல் தரையெல்லாம் சிதற, எழுந்தார். வலது பக்கம் இருந்த அந்தக் குட்டைக்கால் நாற்காலியைத் தூக்கினார். டிவியை மறைக்காதே என்று அண்ணன் அதற்கும் சேர்த்துத் திட்டத் திட்ட, குறுக்கே நடந்து போய், அவருக்கு இடது பக்கத்தில் அதைப் போட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார்.